ஈரல் ரிப்போர்ட் சரி என்றால் கண் கட்டி பரவவில்லையா?

புதுக்குடியிருப்பிலிருந்து வந்த கேள்வி. அம்மாவுக்கு 58 வயது. இடது கண்ணுக்குள் மெலனோமா (நிறக்கலங்களில் தொடங்கும் புற்றுநோய்) வந்து கண்ணை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஒருதரம் ஈரல் நொதியங்களுக்கு (என்சைம்களுக்கு) இரத்தம் பார்க்கிறார்கள், எல்லா எண்ணும் சரியாக வருகிறது. மகள் கேட்பது இது: "இந்தக் கட்டியைப் பரப்புவது நொதியங்கள்தான் என்று வாசித்தேன். நொதிய ரிப்போர்ட் சரி என்றால் பரவவில்லை என்று எடுக்கலாமா? பப்பாசியில் நொதியம் இருக்கிறதாமே, அம்மா அதை நிற்பாட்ட வேணுமா? இந்த நொதியங்களை மறிக்க மருந்து ஏதும் இருக்கிறதா?"

முதற் கேள்விக்கு விடை: அப்படி எடுக்க முடியாது. இரண்டாவதுக்கு: பப்பாசியை நிற்பாட்டத் தேவையில்லை. மூன்றாவதுக்குத்தான் நீளமாகச் சொல்லவேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதற்குக் காரணம், நொதியம் என்ற ஒரே பெயர் இங்கே மூன்று வேறு கூட்டத்துக்கு நிற்பது. கட்டியைத் தொடக்கி, அதற்குப் பரவும் குணத்தைக் கொடுத்தவை ஒரு கூட்டம். அவை தங்கள் வேலையைச் செய்யாமல் விட்டதால்தான் இவ்வளவும் நடந்தது. இரத்தக்குழாயைச் சுற்றியுள்ள வேலியை வெட்டி வழி எடுப்பவை இன்னொரு கூட்டம். ரிப்போர்ட்டில் எண்ணாக வருபவை மூன்றாவது கூட்டம். அவை எதையும் பரப்புவதில்லை. ஈரற் கலம் நோகும்போது இரத்தத்துக்குள் கசிபவை, அவ்வளவுதான்.

விழித்திரைக்குப் பின்னால், வெள்ளையான வன்கோதுக்கு உட்பக்கமாக, கறுப்பு நிறப்பொருளும் இரத்தக்குழாய்களும் நிறைந்த தோலுருப்படை இருக்கிறது. கண்ணுக்குள் வரும் மெலனோமாவில் பத்தில் எட்டுக்கு மேல் அங்கேதான் பிடிக்கும். மிச்சம் வில்லையைப் பிடித்திருக்கும் பிசிருடலிலும், கண்மணியைச் சுற்றிய நிறவட்டமான கதிராளியிலும். தோலில் வரும் மெலனோமாவுக்கும் இதற்கும் பெயரும் நிறமும் ஒன்று, குணம் வேறு. தோல் மெலனோமாவுக்குப் பலன் கொடுத்த மருந்தை வாசித்துவிட்டு இதற்குக் கேட்கப் போவதில் பெரும்பாலும் பயனில்லை. ஐரோப்பிய வம்சத்தவரில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஐந்தாறு பேருக்கு வருகிறது. ஆசியரில் பத்து இலட்சத்துக்கு ஒருவரிலும் குறைவு. அதனால் வன்னியில் இதைப்பற்றி விசாரிக்க இன்னொரு நோயாளியின் குடும்பம்கூடக் கிடைக்காது.

கண்ணுக்குள் நிணநீர்க் குழாய் இல்லை. மார்பகப் புற்றுநோயில் கக்கத்தில் நெறி கட்டுவதுபோல இங்கே ஒரு முன்னறிவிப்பு வராது. கட்டிக்கு இருக்கும் ஒரே பெருவழி இரத்தம். அந்தப் பாதையைப் பாருங்கள்: கண்ணின் சுழல் நாளங்கள், கழுத்து நாளம், இதயத்தின் வலப்பக்கம், பிறகு நுரையீரல், அதற்குப் பிறகுதான் இடப்பக்கம் வந்து உடம்பெங்கும். முதலில் வரும் தரிப்பிடம் நுரையீரல். இருந்தும் பரவிய நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் அளவில் ஈரலில்தான் கட்டி காணப்படுகிறது. இரத்த ஓட்டம் மட்டும் காரணமாக இருந்தால் இப்படி வராது.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் என்ற கண் வைத்தியர், 1882இல். ஸ்டீபன் பஜெட் என்ற ஆங்கிலேய அறுவை வைத்தியர் 1889இல் 'விதையும் நிலமும்' என்ற விளக்கத்தை வைத்தபோது ஃபூக்ஸைக் குறிப்பிட்டார். வயல் செய்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. விதைநெல் எங்கும் சிந்தும், முளைப்பது ஈரமும் பசளையும் உள்ள இடத்தில். நொதியங்களின் கதையும் அப்படியே இரண்டு பக்கத்துக் கதை: விதைக்குள் கெட்டவை, நிலத்தில் காத்திருப்பவை.

விதையின் பக்கம். இந்தக் கட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் ஜி.என்.ஏ.க்யூ, ஜி.என்.ஏ.11 என்ற இரண்டு பரம்பரையலகுகளில் (ஜீன்களில்) ஒன்றில் விகாரம் இருக்கிறது. இவை செய்விக்கும் புரதம், கலத்தின் மென்சவ்வுக்கு உட்பக்கத்தில் ஒரு துருசு (மதகு) போல இருந்து வேலை செய்கிறது. வெளியே ஓமோன் போன்ற ஒரு செய்தி வாங்கியில் பட்டதும், ஜி.ரி.பி. என்ற மூலக்கூற்றைப் பிடித்துத் துருசு திறக்கும். சற்று நேரத்தில் அதே புரதம் அந்த ஜி.ரி.பி.யிலிருந்து ஒரு பொசுபேற்றை வெட்டும், துருசு மூடும். வெட்டுகிற அந்தச் செயல்தான் அதன் நொதிய வேலை. விகாரம் வழக்கமாக விழுவது 209ஆவது அமினோவமிலத்தில், வெட்டுக்கு இன்றியமையாத இடத்தில். வெட்டு நின்றது, துருசு திறந்தபடி கிடக்கிறது. மேலே குளத்தில் யாரும் கட்டளை இடாமலே வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தண்ணீர் போகும் வாய்க்கால்களும் நொதியங்களே. பொசுபோலிப்பேஸ்-சி பீட்டா என்பது மென்சவ்வுக் கொழுப்பொன்றை இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு கலத்துக்குள் கல்சியத்தை அவிழ்த்துவிடும். மற்றத் துண்டு பி.கே.சி. என்ற கைனேஸை (மற்றப் புரதங்களில் பொசுபேற்றை ஒட்டி அவற்றை இயக்கும் நொதியத்தை) எழுப்பும். அதிலிருந்து மெக், ஏர்க் என்று கைமாறிப் போய் 'பிரி, பெருகு' என்ற கட்டளை கருவுக்குள் போகிறது. இன்னொரு கிளை வாய்க்கால் ரோ என்ற புரதம் வழியாக யாப் என்பதைக் கருவுக்குள் அனுப்பும். ஒரு வாய்க்காலை அடைத்தால் மற்றதால் ஓடும். மெக்கை மறிக்கும் செலுமெற்றினிப் என்ற மருந்து பெரிய சோதனையில் தோற்றதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் இந்த விகாரம் கண்ணின் சாதாரண மச்சங்களிலும் இருக்கிறது. அந்த மச்சங்களில் மிகப் பெரும்பாலானவை ஒருபோதும் புற்றுநோயாவதில்லை. ஆகவே ஜி.என்.ஏ.க்யூ கட்டியைத் தொடக்கும், பரப்புவதற்கு அது மட்டும் போதாது. பரவுமா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்ப்பது இன்னொரு நொதியம்.

அதன் பெயர் பாப்-1. இருப்பிடம் மூன்றாவது நிறமூர்த்தம். கலத்துக்குள் யுபிகுயிற்றின் என்ற சிறு புரதத்தை ஒட்டுத்துண்டுபோல மற்றப் புரதங்களில் ஒட்டுவார்கள்; பாப்-1 அதைக் கழற்றுகிற நொதியம். குறிப்பாக டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்ரோன் எச்2ஏயில் 119ஆவது லைசீனில் உள்ள ஒட்டைக் கழற்றும். ஒட்டு கழலாவிட்டால், நிறக்கலம் தன்னை நிறக்கலமாக வைத்திருக்கத் தேவையான பரம்பரையலகுகள் அடங்கிப்போகும். கலம் தன் முகத்தை இழந்து, முதிராத கலம்போல நடக்கத் தொடங்கும். 2010இல் வெளிவந்த ஆய்வு, பரவும் வகையைச் சேர்ந்த 31 கட்டிகளில் 26இல் பாப்-1 கெட்டிருந்ததைக் காட்டியது. இரண்டு பிரதியும் போகவேண்டும்: ஒன்று விகாரத்தால் கெடுகிறது, மற்றது மூன்றாவது நிறமூர்த்தம் முழுதாகத் தொலைவதால் போகிறது. 'மொனோசொமி 3' என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இந்தத் தொலைவைத்தான்.

இந்த இடத்தில் உங்கள் கையால் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அம்மாவின் கண் எடுக்கப்பட்டதால் கட்டியின் இழையம் மெழுகுக் கட்டையாக நோயியல் ஆய்வுகூடத்தில் இருக்கும். அந்தக் கட்டையில் பாப்-1 சாயச் சோதனை செய்யலாம். கட்டிக் கலங்களின் கருவில் சாயம் பிடித்தால் நொதியம் இருக்கிறது. பிடிக்காவிட்டால் தொலைந்துவிட்டது, ஆபத்துக் கூடிய வகை. இதில் பிழைக்கும் இடங்கள் மூன்று. வழமையான சாயம் மண்ணிறம், கட்டியின் நிறப்பொருளான மெலனினும் மண்ணிறம். கறுத்த கட்டியில் இரண்டையும் பிரித்துப் பார்க்கமுடியாது. சிவப்புச் சாயம் பாவிக்கவேண்டும், அல்லது மெலனினை வெளுத்துவிட்டுப் பார்க்கவேண்டும். அடுத்தது, கண் போர்மலினில் ஒழுங்காக ஊறாமல் அல்லது அளவுக்கு மீறி ஊறிக் கிடந்தால் சாயமே எங்கும் பிடிக்காது, அது 'இழப்பு' என்று தவறாக வாசிக்கப்படலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் அதே துண்டில் உள்ள விழித்திரைக் கலம், குழாய்ச் சுவர்க் கலம், வெண்குருதிக் கலம் ஆகியவற்றில் சாயம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது. அவற்றில் பிடித்து, கட்டியில் பிடிக்காவிட்டால்தான் முடிவு செல்லும். மூன்றாவது, கட்டியின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காமலும் வரும். ஒரு மூலையை மட்டும் பார்த்து எழுதக்கூடாது.

கட்டையின் இலக்கத்தை நோயியல் ரிப்போர்ட்டிலிருந்து பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னொரு காலத்தில் வேறு வைத்தியசாலை கேட்கும்போது, இலக்கம் இல்லாமல் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலை. குடும்பத்தில் வேறு யாருக்கும் கண் மெலனோமா, சிறுநீரகப் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா இருந்ததா என்றும் விசாரியுங்கள். சிறு பகுதியினரில் பாப்-1 விகாரம் பிறப்பிலேயே வந்திருக்கும். அப்படியென்றால் பிள்ளைகளின் கண்ணும் பார்க்கப்படவேண்டும்.

இனி வெட்டுகிற கூட்டம். ஒரு கலம் கட்டியை விட்டு இரத்தக்குழாய்க்குள் போக, குழாயைச் சுற்றியுள்ள அடித்தள மென்சவ்வைக் கடக்கவேண்டும். அது நான்காம் வகைக் கொலாஜனும் லமினினும் பின்னிய வேலி. அதை வெட்டுவதில் பெயர்போனவை எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 என்ற இரண்டு. நடுவில் ஒரு நாக (துத்தநாக) அயனை வைத்துக்கொண்டு வேலை செய்பவை. இரண்டும் உறையில் போட்ட கத்தியாகவே கலத்திலிருந்து வெளியே வருகின்றன. எம்.எம்.பி-2இன் உறையைக் கழற்றுவது கலத்தின் மேற்பரப்பில் நிற்கும் எம்.எம்.பி-14. அதற்குத் துணைக்கு ரிம்ப்-2 என்ற புரதமும் வேண்டும். விசித்திரம் என்னவென்றால் ரிம்ப்-2 என்பது உண்மையில் எம்.எம்.பி.களை அடக்குகிற புரதம். கொஞ்சமாக இருந்தால் கத்தியைக் கொண்டுவந்து கொடுக்கும், கூட இருந்தால் கத்தியைப் பூட்டும். அளவைப் பொறுத்துக் கட்சி மாறுகிற இப்படியான புரதங்கள் இருப்பதால்தான் 'இந்த நொதியம் கெட்டது, மறித்துவிடு' என்ற சுலபமான கணக்கு இங்கே சரிவருவதில்லை.

இவற்றோடு யூரோகைனேஸ் என்ற நொதியம் பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மினாக்கும். பிளாஸ்மின் வேலிப் புரதங்களை வெட்டும், சில எம்.எம்.பி.களின் உறையையும் கழற்றும். கத்தப்சின்களும் ஹெப்பரனேஸும் அவ்வப்போது சேரும். அவற்றை விரித்தால் கதை முடியாது. எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 கூடுதலாகக் காணப்பட்ட கண் கட்டிகளில் நோயாளியின் போக்கு மோசமாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உருண்டு பருத்து எப்பிதீலியக் கலம்போலத் தோன்றும் கலங்கள் கூடிய கட்டிகளில் இது தெளிவு.

ஆனாலும் வெட்டுக்கத்தியின் பங்கைக் கூட்டிச் சொல்லக்கூடாது என்பது என் எண்ணம். கண்ணின் வெளிச்சுவரான வன்கோது பின்பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்பு, உரமான கொலாஜன். கட்டி அதைக் கறையான்போல அரித்துத் துளைப்பது அரிது. நாளங்களும் நரம்புகளும் ஏற்கனவே போய்வரும் சிறு கால்வாய்கள் இருக்கின்றன, அவற்றின் வழியாகவே நழுவி வெளியே வருகிறது. வேலியை உடைப்பதைவிடக் கடவையால் போவது சுலபம் என்பது யானைக்கும் தெரியும்.

ஈரலின் பக்கம் இன்னும் சுவாரசியம். ஈரலின் நுண்குழாய்களான சைனுசொயிட்டுகளில் சுவர் துவாரம் துவாரமாக இருக்கும். மற்ற உறுப்புகளில் உள்ளதுபோல முழுமையான அடித்தள மென்சவ்வு கிடையாது. வேலி இல்லாத வளவு. வெளியேற வெட்டுவதற்கே அங்கே அதிகம் இல்லை. உள்ளே வந்த கலத்துக்குக் கிடைக்கும் பசளை எச்.ஜி.எவ். என்ற வளர்ச்சிக் காரணி, ஈரலின் நட்சத்திரக் கலங்கள் சுரப்பது. இது செயலற்ற ஒற்றைச் சங்கிலியாகத்தான் சுரக்கப்படும். சீரீன் புரொட்டியேஸ் வகை நொதியம் ஒன்று அதை ஒரு இடத்தில் வெட்டிய பிறகே விழிக்கும். விழித்தது கட்டிக் கலத்தின் மேலுள்ள மெற் என்ற வாங்கியில் படும். மெற்றும் ஒரு கைனேஸ் நொதியம். அது கலத்துக்கு 'நகர், பிழைத்திரு' என்று சொல்லும். ஈரலே பெருமளவில் செய்கிற ஐ.ஜி.எவ்-1 இன்னொரு பசளை. ஆகக் கண்ணிலிருந்து வந்த கலம் ஈரலைத் தேடிப் போவதில்லை. எல்லா உறுப்பிலும் விழுகிறது, ஈரலில் சாவது குறைவு.

எப்போது விழுகிறது என்பது அடுத்த கசப்பு. பரவிய கட்டிகள் இரட்டிக்கும் வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் பார்த்தவர்கள், கண்ணில் கட்டி கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நுண்விதைகள் போய்விட்டிருக்கும் என்கிறார்கள். அமெரிக்காவில் 1987இலிருந்து 1998வரை நோயாளிகளைச் சேர்த்த பெரிய ஒப்பீட்டில், நடுத்தர அளவுக் கட்டிக்குக் கண்ணை எடுத்தவர்களும், அயடீன்-125 தகட்டைக் கண்ணோடு தைத்துக் கதிர் கொடுக்கப்பட்டவர்களுமாக 1,317 பேர் இருந்தார்கள். 5 ஆண்டில் இறந்தோர் 19 வீதமும் 18 வீதமும். 12 ஆண்டிலும் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். "கண்ணை இன்னும் முந்தி எடுத்திருந்தால்" என்று வீட்டில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொள்வதற்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை. தகடு வைப்பதா எடுப்பதா என்ற முடிவும் உயிரைத் தீர்மானித்திருக்காது.

சரி, மறிக்க மருந்து. வெட்டும் கூட்டத்தை மறிக்க 1990களில் பற்றிமஸ்ராற், மரிமஸ்ராற் என்ற மருந்துகளைப் பல வகைப் புற்றுநோய்களில் சோதித்தார்கள். மூட்டும் தசையும் பிடித்துக் கைகால் அசைக்கமுடியாமல் வலித்தது, ஆயுளும் கூடவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. எம்.எம்.பி.கள் இருபதுக்கு மேல் உண்டு, எல்லாவற்றையும் சேர்த்து அடக்கினால் மூட்டில் நாளாந்தம் நடக்கும் திருத்த வேலையும் நிற்கும். சில எம்.எம்.பி.கள் கட்டிக்கு எதிராகவும் வேலை செய்கின்றன. மருந்து கொடுத்த நேரமும் பிந்தி. விதை முளைத்த பிறகு வேலியடைத்து என்ன?

இங்கே எங்கள் ஊருக்கே உரிய ஒரு சந்தேகம் வரும். எலிக்காய்ச்சல் காலத்தில் வயலுக்கு இறங்குபவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் கிடைக்கும் டொக்சிசைக்கிளின், கிழமைக்கு 200 மில்லிகிராம், எம்.எம்.பி.களையும் ஓரளவு அடக்குவது உண்மை. முரசு (பல் ஈறு) நோய்க்கு 20 மில்லிகிராம் வீதம் அந்தக் குணத்துக்காகவே பாவிக்கப்படுகிறது. அதற்காகக் கண் மெலனோமா பரவுவதைத் தடுக்க என்று நாளாந்தம் விழுங்கக்கூடாது. அப்படிப் பயன் தரும் என்று காட்டப்படவில்லை. தொண்டையும் வயிறும் எரியும், வெயிலில் தோல் கருகும். வயல் வேலைக்காக வைத்தியர் தந்திருந்தால் அதன்படி குடிக்கலாம், அவ்வளவுதான்.

கைனேஸ் பக்கத்தில் நம்பிக்கை கொஞ்சம் கூட. பி.கே.சி.யை மறிக்கும் டரோவசேற்றிப்பும் மெற்றை மறிக்கும் கிறிசோற்றினிப்பும் சேர்ந்து சோதனையில் இருக்கின்றன. மேலே சொன்ன வாய்க்காலும் பசளையும் ஒரே நேரத்தில் அடைபடவேண்டும் என்பதே அந்தச் சேர்க்கையின் நியாயம். பரவிய நோய்க்கு ஆயுளைக் கூட்டுவதாகக் காட்டிய முதல் மருந்து ரெபென்ரபஸ்ப்; அமெரிக்காவில் 2022 ஜனவரியில் அனுமதி பெற்றது. அது நொதியத்தை மறிப்பதில்லை, உடம்பின் ரி-கலங்களைக் கட்டியோடு கட்டிவிடுகிறது. ஒரு ஆண்டு உயிரோடிருந்தோர் அதைப் பெற்றவர்களில் 73 வீதம், மற்றவர்களில் 59 வீதம். எச்.எல்.ஏ-ஏ*02:01 என்ற இழைய வகை உள்ளவருக்கு மட்டுமே வேலை செய்யும். தெற்காசியரில் அந்த வகை ஐரோப்பியரில் உள்ளதைவிடக் குறைவு, ஆகவே காசு திரட்டத் தொடங்குமுன் அந்த ஒரு இரத்தச் சோதனையை முதலில் செய்விக்கவேண்டும். காணியை ஈடு வைத்துவிட்டுப் பிறகு வகை பொருந்தவில்லை என்று அறிவது கொடுமை.

பப்பாசி. காயின் பாலில் கூடுதலாக இருப்பது பப்பெயின், புரதத்தை வெட்டும் நொதியம். இறைச்சிக் கறியில் பப்பாசிக்காய்த் துண்டு போடுவது அதற்காகத்தான். நொதியமும் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனதும் மற்றப் புரதம்போலவே பெருமளவு செரித்துப் போகிறது. கண் கட்டியின் வேலியை வெட்டப் போவதுமில்லை, கட்டியைத் தின்னப் போவதுமில்லை. பழம் சாப்பிடுங்கள். 'நொதியக் குளிசை' என்று போத்தலில் விற்பவை பற்றி இரண்டு வசனம்: காசு வீண், வாபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து குடிப்பவராயின் வைத்தியரிடம் சொல்லாமல் தொடவேண்டாம்.

கடைசிக் கூட்டம், ரிப்போர்ட்டில் வருபவை: எஸ்.ஜி.பி.ரி., எஸ்.ஜி.ஓ.ரி., ஏ.எல்.பி., காமா ஜி.ரி., எல்.டி.எச். ஈரல் பெரிய உறுப்பு. ஒரு மூலையில் கடலையளவு, நெல்லிக்காயளவு கட்டி இருந்தாலும் மற்றப் பகுதி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், எண்கள் அசையாது. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வுக் குழு இதையும் அளந்தது. பரவிய நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்திய இரத்தச் சோதனையில் ஈரல் எண்களில் ஒன்றாவது கூடியிருந்தவர்கள் நூற்றுக்கு 15 பேர் அளவுதான். மற்ற 85 பேருக்கும் ரிப்போர்ட் சரி, ஆனால் நோய் பரவியிருந்தது. 'சரி' என்ற சொல்லை நம்பவேண்டாம் என்று நான் சொல்வது இதனால்.

கூடி வந்தாலும் உடனே இடிந்துபோகத் தேவையில்லை. எலிக்காய்ச்சல், டெங்கு, சாராயம், ஈரலில் கொழுப்பு, காசநோய்க் குளிசை, நாட்டு மருந்து என்று எஸ்.ஜி.பி.ரி.யைக் கூட்ட வன்னியில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எஸ்.ஜி.ஓ.ரி. தசையிலிருந்தும் வரும், முதல்நாள் முழுக்க மண்வெட்டி பிடித்திருந்தால் ஏறும். ஏ.எல்.பி. எலும்பிலிருந்தும் வரும். அப்போது காமா ஜி.ரி. சாதாரணமாக இருக்கும், இரண்டும் சேர்ந்து ஏறினால்தான் ஈரல் பக்கம் சந்தேகம் கூடும். எல்.டி.எச். எல்லாவற்றிலும் ஏமாற்றுக்காரன். செங்கலத்துக்குள் அது வெளியே உள்ளதைவிட நூறு மடங்கு அளவில் இருக்கிறது. ஊசி சரியாக நாளத்தில் ஏறாமல் இழுத்தெடுத்த இரத்தமும், காலையில் எடுத்துப் பரந்தன் வீதியால் வெயிலில் குலுங்கிப் பின்னேரம் ஆய்வுகூடம் போய்ச் சேரும் குழாயும் செங்கலம் உடைந்து எல்.டி.எச்.ஐ ஏற்றிவிடும். குளிரில் வைத்தால் தப்பலாமா என்றால், ஈரல் வகை எல்.டி.எச். குளிரில் செயலிழந்து எண் குறைந்து காட்டும். எடுத்த இரண்டு மணித்தியாலத்துக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதியான தெளியத்தைப் பிரித்தெடுக்கும் இடத்தில் கொடுப்பதே வழி. ரிப்போர்ட்டில் 'ஹீமோலைஸ்ட்' (செங்கலம் உடைந்தது) என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை எடுக்காமல் மறுபடி கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வுகூடத்தில் செய்தால் ஏறுமுகமா இறங்குமுகமா என்பது தெரியும். எல்லைக்குள்ளேயே இருந்தாலும் ஏ.எல்.பி. 60, 85, 110 என்று தொடர்ந்து ஏறினால் அதை வைத்தியருக்குக் காட்டவேண்டும்.

உண்மையில் பார்க்கவேண்டியது ஈரலின் படம். பாப்-1 இழந்த அல்லது மொனோசொமி 3 உள்ள கட்டி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நீண்ட காலத்துக்கு. பத்து ஆண்டு கடந்தும் ஈரலில் வந்தவர்கள் உண்டு. சிறந்தது எம்.ஆர்.ஐ., மெலனின் உள்ள கட்டி அதன் சில படங்களில் வெள்ளையாக ஒளிரும். அது கிடைக்காத இடத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான், வெறுவயிற்றில், படம் எடுப்பவருக்கு "கண் மெலனோமா, ஈரலில் புதுப் புள்ளி இருக்கிறதா" என்று துண்டில் தெளிவாக எழுதிக் கொடுத்து. சும்மா 'வயிற்று ஸ்கான்' என்று போனால் பித்தப்பைக் கல்லைத் தேடிவிட்டு அனுப்பக்கூடும். சந்தேகமான புள்ளி வந்தால் அடுத்த கிளினிக் வரை வைத்திருக்காமல் தெல்லிப்பளை அல்லது மகரகம அபேக்ஷா வைத்தியசாலைப் புற்றுநோய் வைத்தியருக்குக் கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றிரண்டு புள்ளியாக இருக்கும்போது வெட்டியெடுக்க வாய்ப்பு உண்டு. மிகப் பெரிய புள்ளி 3 சென்ரிமீற்றருக்குள் இருப்பதும் அதைத் தாண்டுவதும் நோய்நிலைப் பிரிவிலேயே வேறு வேறு படி.

ஸ்கானுக்குப் போகுமுன் வன்னியில் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் சிறுநீரகம் பழுதானவர்கள் பலர், தங்களுக்கே தெரியாமலும் இருக்கிறார்கள். படம் தெளிவாக வர மாறுபடு மருந்து ஏற்றுமுன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் பார்க்கப்பட்டிருக்கவேண்டும். அடுத்தது, அம்மாவின் உடம்பில் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) ஏதும் இருக்கிறதா? 2009இல் பட்டது ஆறிவிட்டது, நோவில்லை என்பதற்காகச் சொல்லாமல் விடவேண்டாம். செல்லின் உருக்குத் துண்டை எம்.ஆர்.ஐ. காந்தம் இழுக்கும், சூடாக்கும்; மற்றக் கண்ணுக்குக் கிட்ட, முதுகுத்தண்டில், பெரிய நாடிக்கு அருகில் இருந்தால் ஆபத்து. துண்டு இருப்பதாகத் தெரிந்தாலும், காயத் தழும்பு மட்டும் இருந்தாலும், முதலில் எக்ஸ்ரே எடுத்து இடம் பார்க்கச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. சரிவராது என்று முடிவானால் மாறுபடு மருந்தோடு சி.ரி. ஸ்கான் எடுக்கலாம், அதையும் அல்ட்ராசவுண்டையும் மாறி மாறி வைக்கலாம். எங்கே எத்தனை துண்டு என்பதைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில், கட்டை இலக்கத்துக்குக் கீழே எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.